வட்டம் சேரும் இடம்

என் அம்மாவுக்கு ஆங்கிலத்தில் நான்கு எழுத்துகள் தெரியும். ஏ, சி, ஜி, டி. தன் பெயரைத் தமிழில்கூட எழுதத் தெரியாதவள் அந்த நான்கையும் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். கற்றுக்கொடுத்தவன் நான்தான். என் வேலைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது, அதனால் கற்றுக்கொடுத்தேன்; வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் இல்லை. கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்களுக்கு ஒற்றை அறை. அந்த அறையின் சிமெண்டுத் தரையில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். இரு ஓரங்களிலும் வரிசையாய் ஓட்டை போட்ட அச்சுக் காகிதம், கிழிக்காமல், மடிப்பு மடிப்பாய் அவளைச் சுற்றிக் கிடக்கிறது. இடம் போதாமல் நான்தான் அப்படி வளைத்துப் போட்டிருந்தேன். காகிதத்தின் வால் அதன் தலையைத் தொடுகிறது. அம்மா ஒவ்வோர் எழுத்திலும் விரலை வைத்து, சத்தமாய்ச் சொல்லிக்கொண்டே, உட்கார்ந்த வாக்கில் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறாள். நான் சுவரோரம் மூலப் பிரதியை மடியில் வைத்து ஒவ்வோர் எழுத்தாய்ப் பென்சிலால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

எண்பதுகளின் பின்பாதி அது. அப்பா கிதர்ப்பூர் துறைமுகத்தில் கலாசி. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மூட்டை ஏற்றி இறக்க வந்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய், அதையும் தாண்டிக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்று நான் செய்த காரியத்தில் பாதிக்கு அந்தப் பெருமைதான் காரணம், அதனால் சொல்கிறேன். ஜாதவ்பூர் பக்கம் ஓர் உயிரியல் ஆராய்ச்சிக்கூடத்தில் முதன்முதலாய் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது, அதை இயக்க ஒரு தற்காலிக ஆளை எடுத்தார்கள். அந்த ஆள் நான். அந்தக் கட்டடத்திலேயே ஏ.சி. போட்ட அறை அது ஒன்றுதான். மனிதர்களுக்குக் கிடைக்காத குளிர் அந்தப் பெட்டிக்குக் கிடைத்தது. தூசி ஆகாது என்று செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். பெரிய பெரிய விஞ்ஞானிகள் கோயிலுக்குள் வருவதுபோல வெறுங்காலோடு வந்து, கருப்புத் திரையில் பச்சை எழுத்துகள் நகர்வதைக் கைகட்டிப் பார்ப்பார்கள். கலாசி மகன் நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

அங்கே எல்லோருக்கும் வேலை பிளாஸ்மிட்டோடு. பாக்டீரியாவுக்குள் இருக்கும் ஒரு குட்டி டி.என்.ஏ. வட்டம் அது, நான்கே எழுத்துகளை நாலாயிரத்துச் சொச்சம் முறை மாற்றி மாற்றிக் கோத்த வளையல் என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். குறிப்பிட்ட ஆறு எழுத்துகள் வரிசையாக எங்கே வருகின்றனவோ அங்கே மட்டும் அந்த வளையலை வெட்டும் என்சைம்கள் உண்டு. கூடத்தில் அவற்றைக் கத்தரி என்பார்கள். ஓர் இடத்தில் வெட்டினால் வட்டம் திறக்கும். வேண்டிய மரபணுத் துண்டை அந்த வாயில் வைத்து மறுபடி ஒட்டிவிடலாம். இரண்டு இடத்தில் வெட்டினால் வட்டம் இரண்டாய் உடைந்துவிடும், காரியம் கெட்டது. எனவே எந்தக் கத்தரி எத்தனை இடத்தில் வெட்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். அதுவரை ஆராய்ச்சி இதழின் பக்கங்களைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பென்சிலும் கண்ணுமாய்த் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு புரோகிராம் எழுதினேன். எழுத்துகளை உள்ளே ஏற்றிவிட்டுக் கத்தரியின் பெயரைத் தட்டினால் அது தேடி, வெட்டும் இடங்களைச் சொல்லும். நட்சத்திரப் புள்ளிகளால் ஒரு வட்டம் போட்டு, அதன்மேல் அந்த இடங்களைக் குறித்து அச்சிட்டும் கொடுக்கும். கத்தரி வைக்காமலே வெட்டிப் பார்க்கலாம், ஒட்டாமலே ஒட்டிப் பார்க்கலாம். கூடத்துத் தலைவரான ஸார், வருகிற போகிறவர்களையெல்லாம் அழைத்துவந்து காட்ட ஆரம்பித்தார்.

அந்தக் கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் தீதி. வங்காளத்தில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஒல்லி, வாய் மட்டும் ஊருக்குப் பெரியது. நான் அச்சிட்ட வட்டத்தை முதன்முதல் பார்த்தபோதே அது ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கிறது என்று சொல்லி எனக்கு ஜோதிஷி என்று பெயர் வைத்துவிட்டார். "கீ ரே ஜோதிஷி, இன்னிக்கு என் கிரகம் எப்படி?" என்று வாசலில் நின்று வங்காளத்தில் கேட்பார். நானும் திக்கித் திணறி என் வங்காளத்தில் பதில் சொல்வேன். அவர் சிரிப்பார்.

ஆனால் அந்த வருடம் அவர் கிரகம் நிஜமாகவே சரியில்லை. உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. வெளிநாட்டில் ஓர் ஆய்வகம் அவருக்கு இடம் வைத்திருந்தது, இந்த ஆராய்ச்சியை முடித்துக் கொண்டுவந்தால் தருவதாக. பூஜை விடுமுறையில் தொடர்ந்து லோட்ஷெடிங் என்னும் மின்வெட்டு ஆகி, குளிர்பெட்டி உருகி, அவர் வளர்த்த பாக்டீரியா அத்தனையும் செத்துப்போயின. ஐந்து மாத உழைப்பில் பிரித்தெடுத்த பிளாஸ்மிட்டில் மிச்சம் ஒரே ஒரு சின்னக் குழாய். அதன் அடியில் கடுகளவு ஈரம். அதைப் புதிய பாக்டீரியாவில் ஏற்றி வளர்க்க இரண்டு முறை முயன்று தோற்றிருந்தார். இருப்பதை ஒரே வெட்டாய் வெட்டி, மரபணுத் துண்டை வைத்து ஒட்டிவிட வேண்டும். இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதையும் வெட்டும் முன் அதில் கொஞ்சம் கிள்ளி எடுத்து, தனியே வெட்டிப் பார்ப்பார். சோற்றுப் பதம் பார்ப்பதுபோல. அன்றும் அதைத்தான் செய்யப் போனார். கிள்ளினால் மிச்சம் வேலைக்குக் காணாதோ என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான்தான் குறுக்கே விழுந்தேன்.

"எதுக்கு தீதி வீணாக்குறீங்க? ஒரே இடம்தான். மூணு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன்."

"உன் பெட்டி சொன்னா சரியா?"

"பெட்டிக்குக் கண் அசராது தீதி. நமக்குத்தான் அசரும்."

அவர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரி. நாளைக்குப் பதினோரு மணிக்கு மொத்தத்தையும் போடறேன். நீ வந்து பக்கத்துல நிக்கணும். உன் வட்டம் உன் கண் முன்னால திறக்கட்டும்" என்றார்.

மறுநாள் பதினொன்றுக்கு வேறொன்றும் இருந்தது. டெல்லியிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். கம்ப்யூட்டரை அவர்களுக்கு இயக்கிக் காட்ட வேண்டும். அவர்கள் திருப்தியாகப் போனால் என் தற்காலிக வேலை நிரந்தரமாகும் என்று ஸாரே சொல்லியிருந்தார். தீதியின் பிளாஸ்மிட்டையே காட்டலாம் என்று ஸார் முடிவு செய்தார்; நேரம் மோதுவதைத் தீதியிடம் நான் சொல்லவில்லை. நான் ஏற்றிய எழுத்துகளில் ஒன்றுகூடத் தவறக்கூடாது என்று கடைசியாய் ஒருமுறை சரிபார்க்க அச்சுப்படியை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். காலையில் முடித்துவிட்டு நேரே வருவதாக ஏற்பாடு. அப்பா காலை ஷிஃப்டுக்குப் போய்விட்டார். படித்தவர்கள் வாசித்தால் கண் தாவிவிடும். அம்மாவுக்குத் தாவத் தெரியாது. அதனால்தான் அம்மா.

எட்டரைக்குத் தொடங்கியது. பத்து மணி வாக்கில் கடைசி வரி. "ஜி... ஏ... ஏ." மூலப் பிரதியிலும் அதோடு முடிந்தது. ஒரு பிழைகூட இல்லை. நான் பென்சிலைக் கீழே போட்டுச் சோம்பல் முறித்தேன். அம்மா நிறுத்தவில்லை. அவள் விரலுக்கு அடுத்தாற்போல் காகிதத்தின் தலை கிடந்தது. அதில் இறங்கிவிட்டாள்.

"டி... டி... சி..."

"அம்மா, போதும். முடிஞ்சிருச்சு."

"எங்கய்யா முடிஞ்சிச்சு? வளையல்னு சொன்ன. வளையலுக்கு முடிவு ஏது?"

நான் சிரிக்க வாயெடுத்தேன். சிரிப்பு வரவில்லை. ஜி, ஏ, ஏ, டி, டி, சி. அந்தக் கூடத்தில் வேலை பார்க்கும் எவனுக்கும் தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் தெரிந்த வரிசை அது. தீதி இன்று போடப்போகும் கத்தரியின் ஆறு எழுத்துகள். மூன்று வாலில் இருந்தன, மூன்று தலையில் இருந்தன. அந்த வட்டத்தை முதலில் படித்து வெளியிட்டவர்கள் எண்ணிக்கையை எங்கிருந்தோ தொடங்கியிருக்கிறார்கள். அந்த இடம் ஆறு எழுத்துக்கு நட்டநடுவே விழுந்திருக்கிறது. என் புரோகிராம் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை தேடிவிட்டு நின்றுகொள்ளும். கடைசியும் முதலும் கைகோத்திருப்பதை நான் அதற்குச் சொல்லவே இல்லை. வட்டம் வட்டம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, உள்ளே அதைக் கோடாய்த்தான் வைத்திருந்தேன். கத்தரி வெட்டும் இடம் ஒன்றல்ல, இரண்டு.

அம்மாவை மறுபடி வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். அதே ஆறு. அவள் போட்டு வைத்திருந்த இட்லியைத் தொடாமல், அச்சுப்படியைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். முனை மருந்துக்கடையில் போன் இருந்தது. நாலு தடவை சுழற்றினேன். கூடத்து போன் செத்துக் கிடந்தது. பஸ் ஏறினேன். கரியாஹாட்டில் கொடியும் கோஷமுமாய் ஓர் ஊர்வலம் தெருவை அடைத்துக்கொண்டு போனது. கண்டக்டர் படியில் நின்று பீடி பற்றவைத்தார். "தாதா, எப்ப நகரும்?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டதற்கு, "புரட்சி முடிஞ்சதும்" என்றார். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நான் குதித்து இறங்கி ஓடினேன். கோல்பார்க், டாக்கூரியா பாலம், இறக்கம். மூச்சு நெஞ்சில் குத்தியது. கூடத்து வாசலில் நுழைந்தபோது தாழ்வாரத்துக் கடிகாரம் பதினொன்று பத்து காட்டியது.

தீதியின் அறை தாழ்வாரத்தின் கோடியில். கம்ப்யூட்டர் அறை அதற்கு முன்னால். அதன் வாசலில் நாலைந்து ஜோடி பளபளப்பான பூட்ஸுகள் கிடந்தன. ஸார் கதவைத் திறந்துகொண்டு என்னைத் தேடத்தான் வெளியே வந்தார். "வந்துட்டானே எங்க பையன்!" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு என் தோளில் கைவைத்தார். "ஸார், ஒரு நிமிஷம், தீதியை..." என்றேன். "அப்புறம், அப்புறம்" என்றார்.

அந்தக் கையைத் தட்டிவிட்டு முப்பது அடி போயிருக்கலாம். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கத்தியிருந்தால்கூடத் தீதியின் காதில் விழுந்திருக்கும். ஆனால் சொல்லவேண்டிய வாக்கியம் என் புரோகிராம் தவறு என்பது. அந்தக் கதவுக்குள் என் நிரந்தர வேலை உட்கார்ந்திருந்தது. தீதி தாமதமாகத்தான் தொடங்குவார், ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு போய்விடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

அடுத்து நடந்தது எதுவும் எனக்கு மறக்கவில்லை. வியர்வையில் ஊறிய சட்டை ஏ.சி.யில் முதுகோடு ஒட்டி மெல்லக் காய்ந்தது. நான் தட்டினேன். திரையில் பச்சை எழுத்துகள் ஓடின. கத்தரியின் பெயரைக் கேட்டது. தீதியின் கத்தரியைக் கொடுக்கச் சொன்னார் ஸார். கொடுத்தேன். வெட்டும் இடம்: ஒன்று. பொய்யென்று தெரிந்த விடையை என் கையாலேயே வரவழைத்துவிட்டு, தலையாட்டிக்கொண்டு நின்றேன். அச்சு இயந்திரம் கரகரவென்று வட்டத்தைப் போட்டது. அதிகாரிகளில் வயதானவர் அதைக் கையில் எடுத்து, "இது எப்பவாவது தப்பா சொல்லுமா?" என்று கேட்டார். கேட்டது என்னைத்தான். கதவுக்குமேல் கடிகாரம் பதினொன்று இருபத்தைந்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஸார் முந்திக்கொண்டு, "தப்பு பண்ண அதுக்கென்ன மனுஷனா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்னொரு கத்தரி காட்டச் சொன்னார்கள். காட்டினேன். அதற்கப்புறம் இன்னொன்று.

என்னை விடுவித்தது என் மனசாட்சி இல்லை, லோட்ஷெடிங். விளக்கு போயிற்று, திரை இருண்டது, ஏ.சி. ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. "கல்கத்தாவுக்கு நல்வரவு" என்று ஸார் அசடு வழிந்தபடி விருந்தினரைத் தேநீருக்கு அழைத்துப் போனார். நான் சுருளை எடுத்துக்கொண்டு ஓடினேன். தாழ்வாரத்துக் கடிகாரம் சாவி கொடுப்பது, அது நிற்கவில்லை. பதினொன்று நாற்பது.

தீதி ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வெந்நீர்த் தொட்டியில் அந்தக் குழாய் மிதந்துகொண்டிருந்தது. "வந்துட்டியா மகராஜா? உனக்காக இருபத்தஞ்சு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். இப்பதான் பதினஞ்சு நிமிஷம் ஆகுது, போட்டு" என்றார்.

"எடுங்க தீதி. ஐஸ். ரெண்டு இடம்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. வெறும் விரலால் குழாயைப் பிடுங்கி, பனிக்கட்டி டப்பாவில் குத்தினார். அந்தக் கத்தரி ஒரேயடியாய் வெட்டிவிடுவதில்லை. நிமிடத்துக்கு நிமிடம் வெட்டிக்கொண்டே போகும், குளிரில் அடங்கிவிடும். அதன்பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேசைமேல் காகிதத்தை விரித்து, வாலையும் தலையையும் சேர்த்துப் பிடித்தேன். விரலை வைத்து ஆறு எழுத்துகளையும் ஒவ்வொன்றாய் எண்ணினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "நாலு வருஷமா வட்டம் வட்டம்னு நானும்தான் சொல்றேன். எனக்கும் தோணலையே" என்றார். பிறகு, "எப்ப வந்தே?" என்றார்.

"இப்பதான் தீதி."

அவர் பார்வை என் பாதங்களுக்கு இறங்கியது. "செருப்பு எங்கே?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, வெறுங்காலோடு நிற்கிறேன் என்று. கம்ப்யூட்டர் அறை வாசலில் அது கிடந்தது. "ஓடி வரும்போது கழண்டுருச்சு" என்றேன். "கரியாஹாட்லேர்ந்து ஓடி வந்தேன்." இரண்டாவது வாக்கியம் உண்மை. அதுதான் முதலாவதைத் தூக்கி நிறுத்தியது. "ஆரே பாகல், பைத்தியக்காரா" என்று சொல்லி, அவர் தன் கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். என் முகத்தில் துடைக்க வியர்வை இல்லை. ஆனாலும் வாங்கித் துடைத்துக்கொண்டேன்.

மதியம் மின்சாரம் வந்ததும் வெட்டுண்டதை ஜெல்லில் ஓட்டி, அளவுவாரியாய்ப் பிரித்து, புற ஊதா விளக்கில் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். உடைந்த துண்டுகள் இரண்டும் பிரகாசமாய் இரண்டு கோடுகளாக நின்றன. அவற்றுக்கு மேலே, ஒரே இடத்தில் வெட்டுப்பட்டு முழுசாய் மிஞ்சியது, நகம் பட்ட கீறல்போல மங்கலாய் ஒரு கோடு. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிளேடால் அந்தக் கீறலை மட்டும் அறுத்து எடுத்தார். "நீ இன்னும் அரை மணி கழிச்சு வந்திருந்தா இதுவும் இருந்திருக்காது" என்றார். நான் அந்த அரை மணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கீறலில் பாதி தவறான இடத்தில் திறந்திருந்தது. அதை வைத்துப் போராடி, கடைசியில் அவர் நினைத்ததைச் செய்தார். ஆனால் ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. வெளிநாட்டு இடம் வேறு யாருக்கோ போயிற்று. ஒருநாள் தேநீர் குடிக்கும்போது, "அங்கே குளிர் ஜாஸ்தியாம், பரவாயில்லை" என்று மட்டும் சொன்னார். பட்டம் வாங்கிக்கொண்டு பர்த்வான் பக்கம் ஒரு கல்லூரியில் கற்பிக்கப் போனார். நான் அன்று செருப்பைத் தொடாமல் வெறுங்காலோடு வீடு போனேன். மறுநாள் பார்த்தபோது அது அங்கே இல்லை. புரோகிராமைத் திருத்த அரைமணிகூட ஆகவில்லை: முதல் ஐந்து எழுத்துகளைக் கடைசியில் இன்னொரு முறை சேர்த்துவிட்டுத் தேடச் சொன்னால் போதும். பிழையை ஸாரிடம் சொன்னேன். அவர் நான் பயந்ததுபோல் எதுவும் செய்யவில்லை. "நல்லவேளை, அவங்க போனப்புறம் சொன்னே" என்றார். வேலை நிரந்தரமாயிற்று. தீதி மட்டும் போகிற இடமெல்லாம் கதை சொன்னார், தமிழ்ப் பையன் ஒருவன் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஓடிவந்து தன் ஆராய்ச்சியைக் காப்பாற்றினான் என்று. புதிதாய்ச் சேர்ந்தவர்கள் என்னிடம் வந்து, நிஜமா என்று கேட்பார்கள்.

இப்போது பிளாஸ்மிட் வரைபடத்தைக் கம்ப்யூட்டர் நிறம் நிறமாய்ப் போடுகிறது. பிள்ளைகள் திரையிலேயே வெட்டி, திரையிலேயே ஒட்டி, நிமிடத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். வட்டமா கோடா என்று அதுவே முதலில் கேட்டுக்கொள்கிறது. அந்தக் கேள்வியைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கால் குளிர்கிறது.

தீதி தன் ஆய்வேட்டின் ஒரு பிரதியைக் கருநீல அட்டை போட்டு எனக்கு அனுப்பியிருந்தார். நன்றி சொல்லும் பக்கத்தில், ஸாருக்கும் தீதியின் பெற்றோருக்கும் நடுவே, என் பெயர். உரிய நேரத்தில் வந்து செய்த உதவிக்கு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அம்மா அந்தப் பக்கத்தைத் தரையில் வைத்து, தனக்குத் தெரிந்த எழுத்துகள் வருகின்றனவா என்று விரலால் தேடினாள். பிறகு நிமிர்ந்து, "என்னய்யா எழுதியிருக்கு?" என்றாள்.

"நேரத்துக்கு வந்து உதவினேன்னு எழுதியிருக்காங்க."

"பின்னே? சாப்பிடாமக்கூட ஓடுனியே" என்றாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அந்தப் பொண்ணுக்கு நம்மளால ஒரு நல்லது நடந்துச்சு. இல்லைய்யா?"

"ஆமாம்மா" என்றேன்.